ஆய்வகத்தில் சேர்வதா, இன்னொரு பாடம் எடுப்பதா?

கேள்வியை முதலில் என் சொற்களில் சுருக்கிக்கொள்கிறேன். நீங்கள் நான்காண்டு இயற்பியல் இளங்கலைப் படிப்பில் ஐந்து பருவங்களை முடித்திருக்கிறீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறீர்கள். சோதனை இயற்பியல் பக்கம் மனம் சாய்ந்தாலும் கோட்பாட்டை இன்னும் விட்டுவிடவில்லை. குவாண்டம் இயக்கவியலின் இரண்டு பாடங்களிலும் மிக நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது. மின்காந்தவியலின் முதல் பாடத்தில் மட்டும் சறுக்கியிருக்கிறீர்கள். ஆய்வு அனுபவம் இதுவரை இல்லை. வரும் பருவத்தில் கட்டாயப் பாடங்கள் போக வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மிஞ்சுகிறது. முதுகலை மாணவர்களுக்கான குவாண்டம் பாடத்தை அந்த நேரத்தில் எடுக்கும்படி ஒரு பேராசிரியர் சொல்கிறார். தம் ஆய்வகத்தில் வந்து சேரும்படி இன்னொருவர் அழைக்கிறார். எதை ஏற்பது என்பது உங்கள் கேள்வி.

ஆய்வகத்தில் சேருங்கள் என்பதே என் பதில். பாடம் ஒன்றை எடுக்க இடம் கிடைக்குமானால், அது முதுகலைக் குவாண்டமாக இருக்க வேண்டாம், மின்காந்தவியலின் இரண்டாம் பாடமாக இருக்கட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பல ஆண்டுகள் சேர்க்கைக் குழுவில் அமர்ந்து விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆனால் இந்தப் பதில் உங்கள் நிலைமைக்கு உரியது. வேறொருவர் இதே கேள்வியைக் கேட்டால் நேர்மாறாகவும் சொல்ல நேரலாம் என்பதால், எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதை விளக்க வேண்டியிருக்கிறது.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். அமெரிக்க இயற்பியல் துறைகள் பெரும்பாலும் டிசம்பர் மாதத்திலேயே விண்ணப்பங்களை முடித்துவிடுகின்றன. முடிவுகள் அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களில் வெளிவரும். நிதியுதவியுடன் வரும் இடத்தை ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல ஏப்ரல் 15 வரை மாணவர்களுக்கு அவகாசம் தருவதாகப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் உடன்பட்டிருக்கின்றன. ஆகவே, இறுதி ஆண்டில் நீங்கள் எடுக்கும் பாடங்களின் மதிப்பெண்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணில் படப்போவதே இல்லை. ‘தற்போது படித்துவருகிறார்’ என்ற குறிப்புடன் பாடத்தின் பெயர் மட்டும் தெரியும். நான்காண்டுப் படிப்பு என்று பேசினாலும் சேர்க்கையைப் பொறுத்தவரை அது மூன்றாண்டுப் படிப்புத்தான். உங்களிடம் எஞ்சியிருப்பது இந்த ஒரு பருவமும், அதை அடுத்து வரும் கோடை விடுமுறையும், அதன்பின் இரண்டு மூன்று மாதங்களும் மட்டுமே.

இந்த அவகாசத்தை வைத்துப் பார்த்தால் இரண்டு தேர்வுகளும் சமமானவை அல்ல என்பது புரியும். பாடம் எந்தப் பருவத்தில் தொடங்கினாலும் அந்தப் பருவத்துடன் முடிந்து, அதற்கான அறிவைத் தந்துவிடும். ஆய்வு அப்படி நடப்பதில்லை. கருவியை இயக்கப் பழகுவதற்கும், முன்னவர் எழுதிவைத்த நிரலைப் புரிந்துகொள்வதற்கும், என்ன கேள்வியைத் துரத்துகிறோம் என்று உள்ளபடியே விளங்குவதற்கும் முதல் மூன்று நான்கு மாதங்கள் போய்விடும். அந்தக் காலத்தில் மாணவர் ஆய்வகத்துக்குப் பெரும்பாலும் செலவாகவே இருக்கிறார். அவருக்குக் கற்றுத்தருபவர் தம் வேலையை நிறுத்திவைத்துத்தான் கற்றுத்தருகிறார். பயனுள்ள வேலை அதற்குப் பிறகே தொடங்குகிறது. இப்போது சேர்ந்தால் அந்தப் பயனுள்ள காலம் கோடையில் விழும். இறுதி ஆண்டில் சேர்ந்தால் அது விண்ணப்பம் போன பிறகு விழும்.

அடுத்து, மதிப்பெண் பட்டியல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதைப் பார்ப்போம். முனைவர் பட்டப் படிப்பின் முதல் ஓரிரு ஆண்டுகளில் செவ்வியல் இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல் ஆகிய பாடங்களை இந்த மாணவர் தாக்குப்பிடிப்பாரா, துறை வைத்திருக்கும் தகுதித் தேர்வைக் கடப்பாரா என்பதுதான் பட்டியலைப் பார்ப்பவர் மனத்தில் எழும் கேள்வி. பல பல்கலைக்கழகங்கள் நான்கு புள்ளி அளவுகோலில் மூன்று என்ற மதிப்பெண் சராசரியைக் குறைந்தபட்ச எல்லையாக வைத்திருக்கின்றன. பெயர்பெற்ற துறைகளில் போட்டியிடுபவர்கள் அதைவிட வெகு உயரத்தில் இருப்பார்கள். அதாவது பட்டியல் ஒரு வாசற்படி. அதில் தடுக்கி விழுபவர்கள் உண்டு. ஆனால் தாண்டியவர்களுக்குள் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று பட்டியலை வைத்துத் தீர்மானிக்க முடிவதில்லை, ஏனென்றால் தாண்டியவர்கள் எல்லாருடைய பட்டியலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். மேல்படிப்புச் சேர்க்கைக்காக எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வுகளில் இயற்பியலுக்கான பாடத் தேர்வு முன்பு ஓரளவுக்கு அந்தப் பிரிக்கும் வேலையைச் செய்துவந்தது. 2020க்குப் பின் ஏராளமான துறைகள் அதைக் கட்டாயத்திலிருந்து நீக்கிவிட்டதால் மற்ற ஆவணங்களின் எடை கூடியிருக்கிறது. குவாண்டத்தில் ஏற்கெனவே இரண்டு முறை நிரூபித்த திறமையை மூன்றாம் முறையும் நிரூபிப்பதால் உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் நன்மை மிகச் சிறியது.

இனி, என் பதிலின் மையத்துக்கு வருகிறேன். ஆய்வு செய்தால் கட்டுரை வெளியாகும், கட்டுரை இருந்தால் இடம் கிடைக்கும் என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இளங்கலை மாணவர் பெயருடன் வரும் கட்டுரை நல்லதுதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு பெயர்களுக்கு நடுவே ஏழாவதாக நிற்கும் பெயர் எதைச் செய்தது என்று படிப்பவருக்குத் தெரியாது. நல்ல வேலை பல நேரம் விண்ணப்பிக்கும் காலத்துக்குள் கட்டுரையாவதும் இல்லை. சேர்க்கைக் குழுவில் நாங்கள் தேடிப் படித்தது பரிந்துரைக் கடிதத்தை. ஆய்வினால் கிடைக்கும் பொருள்களில் முதன்மையானது அந்தக் கடிதமே.

பொதுவாக மூன்று கடிதங்கள் கேட்பார்கள். நூறு பேர் அமர்ந்த வகுப்பில் பாடம் நடத்திய ஆசிரியர், “என் வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவர், கேள்விகளை ஆர்வத்துடன் கேட்பார்” என்று எழுதுவார். அதில் பொய் இல்லை. புதிய செய்தியும் இல்லை, ஏனென்றால் மதிப்பெண் பட்டியல் அதை முன்பே சொல்லிவிட்டது. ஓராண்டு தம் ஆய்வகத்தில் ஒருவரை வைத்திருந்தவர் எழுதும் கடிதம் வேறு வகையைச் சேர்ந்தது. ஒரு கடிதம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. அந்த மாணவி ஆறு வாரங்களாக எடுத்த அளவீடுகள் அனைத்தும் ஓர் இணைப்புக் கம்பியின் கோளாறால் பயனற்றவை என்று தெரியவந்தபோது, தாமே அதைக் கண்டுபிடித்து, எந்தெந்த நாள்களின் தரவைத் தூக்கியெறிய வேண்டும் என்று அட்டவணை போட்டு, மறுநாள் காலையில் குழுவின் முன் வைத்தாராம். அவருடைய மதிப்பெண்கள் நடுத்தரமானவை. கட்டுரை எதுவும் இல்லை. ஆனால் எங்களுக்குத் தெரிய வேண்டியது அந்த ஒரு பத்தியில் இருந்தது. விடை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத கேள்வியின் முன் ஐந்தாறு ஆண்டுகள் உட்காரப்போகிறவரை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம். தேர்வுத்தாளில் உள்ள எல்லாக் கேள்விக்கும் விடை உண்டு. ஆகவே அந்தக் குணத்தைத் தேர்வுத்தாள் காட்டவே காட்டாது.

இதனால் இன்னொன்றும் தெளிவாகிறது. ஒரு பருவம் இங்கே, ஒரு கோடை அங்கே என்று மூன்று ஆய்வகங்களில் தங்கியவருக்குக் கிடைப்பவை மூன்று மெல்லிய கடிதங்கள். ஒரே இடத்தில் பதினைந்து மாதங்கள் இருந்தவருக்கு ஒரு கனமான கடிதம் கிடைக்கிறது. மாணவனாக இருந்தபோது நானும் மூன்று இடங்களில் கால்வைத்தேன். பரந்த அனுபவம் என்று அப்போது நினைத்தேன். எனக்காக எழுதியவர்களில் ஒருவருக்கும் என்னைப் பற்றி இரண்டு பத்திகளுக்கு மேல் எழுதச் செய்தி இல்லை என்பது பல ஆண்டுகளுக்குப் பின் நானே கடிதங்கள் எழுதத் தொடங்கியபோதுதான் உறைத்தது. முதல் ஆய்வகம் முற்றிலும் பொருந்தாதது என்றால் விலகத்தான் வேண்டும். வெறும் அலுப்பு என்றால் இன்னும் மூன்று மாதங்கள் பொறுத்துப் பாருங்கள்.

சேர்க்கையை ஒரு நிமிடம் மறந்துவிட்டாலும் ஆய்வுக்கு முன்னுரிமை தர ஒரு காரணம் இருக்கிறது. உங்களுக்கு ஆய்வு பிடிக்குமா என்பது உங்களுக்கே தெரியாது. இயற்பியல் பிடிக்கும் என்பது தெரியும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அழகாக வடிவமைத்த பாடத்தில் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று விளங்கும். அந்த இன்பத்துக்காகவே பலர் மேல்படிப்புக்கு வருகிறார்கள். ஆய்வில் பல வாரங்கள் எதுவும் விளங்காமல் போகும். வெற்றிடக் கலத்தில் கசிவைத் தேடுவதிலும், நிரலின் பிழையைத் திருத்துவதிலும், மற்றவர் சுலபமாகக் கடந்துபோன வரியை முறைத்துப் பார்ப்பதிலும் நாள்கள் கழியும். அந்த வாழ்க்கையில் நிறைவு காண்பவர்கள் உண்டு, காணாதவர்களும் உண்டு. இதில் உயர்வு தாழ்வு இல்லை. அதை இளங்கலையிலேயே வாரம் பத்து மணி நேரச் செலவில் அறிந்துகொள்வது, முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் அறிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல்.

மின்காந்தவியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தைப் படிப்பவர் சிகரங்களை மட்டும் பார்ப்பதில்லை, பள்ளங்களையும் பார்க்கிறார். மின்காந்தவியல் அடிப்படைப் பாடம். அதில் குறைந்த மதிப்பெண் இருந்து, அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை என்று பட்டியல் காட்டினால், தகுதித் தேர்வைப் பற்றிய ஐயம் எழுவது இயல்பு. இரண்டாம் பாடத்தை இந்தப் பருவமே எடுத்து நன்றாகச் செய்தீர்கள் என்றால் முதல் சறுக்கலுக்கு விளக்கம் எழுதும் தேவையே இராது. பட்டியல் தானாகவே அதைச் சொல்லிவிடும். உங்கள் கட்டாயப் பாடங்களில் ஒன்றை இறுதி ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள்; முடிந்தால் அந்த இடத்தில் இதை வையுங்கள். முதுகலைக் குவாண்டத்தை இறுதி ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமலும் விடலாம். எப்படியும் முனைவர் படிப்பின் முதல் ஆண்டில் அதே பாடத்தை உங்களுக்கு மீண்டும் நடத்துவார்கள்.

எப்போது இந்தப் பதில் தலைகீழாகும்? நீங்கள் தூய கணிதத்துக்கோ, மிகவும் கணிதம் சார்ந்த கோட்பாட்டு இயற்பியலுக்கோ போகிறவராக இருந்தால் பாடங்களின் பக்கம் சாய்ந்திருப்பேன். அங்கே ஆய்வின் எல்லையைத் தொடுவதற்கே பல படிகள் ஏற வேண்டும். மெய்ப்பகுப்பாய்வு, நவீன இயற்கணிதம், இடத்தியல் ஆகியவற்றில் உறுதியான அடித்தளம் இல்லாதவரால் பெரும்பாலான திறந்த கேள்விகளைப் படித்துப் புரிந்துகொள்ளவே முடியாது. இளங்கலை மாணவர்கள் கணிதத்தில் உண்மையான ஆய்வு செய்ததில்லை என்று சொல்ல வரவில்லை. தரப்பட்ட இரண்டு பரப்பளவுகளை மிகக் குறைந்த சுற்றளவில் அடைக்கும் வடிவம் நாம் சோப்பு நுரையில் காணும் இரட்டைக் குமிழியின் வடிவமே என்பதைச் சமதளத்துக்கு நிறுவிய கட்டுரை 1993இல் வெளிவந்தது. அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் பிராங்க் மோர்கனின் வழிகாட்டுதலில் இளங்கலை மாணவர்கள் செய்த வேலை அது. ஆனால் அத்தகைய கேள்விகளை வழிகாட்டிகள் தேடித்தேடிப் பொறுக்குகிறார்கள்: சொல்வதற்கு எளிமையாகவும், நுழைவதற்கு அதிக முன்னறிவு வேண்டாததாகவும், அதே நேரம் விடை தெரியாததாகவும் அது இருக்க வேண்டும். அது அரிய கலை என்பதைக் குழுவினர் அறிவார்கள். ஆகவே கணிதத் துறையில் கடினமான பாடங்களில் காட்டும் திறமையும், அந்தப் பாடங்களை நடத்தியவர் எழுதும் கடிதமும் ஆய்வகக் கடிதத்தின் இடத்தை வகிக்கின்றன. உயிரியலிலும் வேதியியலிலும் நிலைமை இதற்கு எதிரானது; ஆய்வக அனுபவமே இல்லாத விண்ணப்பம் அங்கே பெரும்பாலும் முதல் சுற்றைத் தாண்டுவதில்லை.

கோட்பாட்டை இன்னும் விடவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால், இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு வழியையும் குறிப்பிட வேண்டும். ஒரு பேராசிரியருடன் வாரம் ஒரு முறை அமர்ந்து, ஒரு தலைப்பில் ஏழெட்டுக் கட்டுரைகளை வரிவரியாகப் படித்து, அவற்றின் கணக்குகளை நீங்களே மீண்டும் செய்துகாட்டுவது அந்த வழி. பல துறைகளில் இதற்கு மதிப்பெண்ணும் உண்டு. பாடத்தின் ஒழுங்கும் ஆய்வின் நெருக்கமும் இதில் ஓரளவு கிடைக்கின்றன. உங்களை நன்கு அறிந்த ஒருவர் உருவாகிறார். சோதனை ஆய்வகம் பிடிக்காமல் போனால் கோடைக்குப் பின் இந்தப் பக்கம் திரும்பலாம்.

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். பிரிட்டனில் முனைவர் பட்டம் தொடக்கத்திலிருந்தே ஆய்வுதான். மூன்று முதல் நான்கு ஆண்டுகளில் முடிகிறது. பட்டத்தின் வகுப்பு, அதாவது முதல் வகுப்பா, மேல் இரண்டாம் வகுப்பா என்பது, அங்கே நேரடியாகப் பார்க்கப்படுகிறது. ஜெர்மனியில் பெரும்பாலும் முதுகலையை முடித்த பின்னரே முனைவர் பட்டத்துக்குப் போகிறார்கள். முதுகலை ஆய்வேடே ஆய்வுத் திறனுக்குச் சான்றாகிவிடுவதால் இளங்கலையில் ஆய்வகத்துக்கு விரையும் தேவை குறைவு. பாடங்களை மட்டுமே கொண்ட தொழில்சார் முதுகலைப் படிப்புகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் ஆய்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

அழைத்த ஆய்வகத்துக்கு உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். அன்றாடம் உங்களுக்கு வழிகாட்டப்போவது யார் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது பேராசிரியராக இராது. மூன்றாம் நான்காம் ஆண்டு ஆய்வு மாணவர் ஒருவராக இருப்பார். அவர் ஓராண்டுக்குள் பட்டம் பெற்றுப் போகிறவரா, பொறுமையாகக் கற்றுத்தருபவரா என்பதுதான் உங்கள் ஓராண்டைத் தீர்மானிக்கும். முன்பு அங்கே இருந்த இளங்கலை மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களில் ஒருவரிடமாவது பேசுங்கள். பேராசிரியரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது நேரில் சந்திக்க முடியுமா என்றும் கேளுங்கள், ஏனென்றால் கடிதத்தில் கையெழுத்திடப்போகிறவர் அவர். அவருக்கு உங்கள் முகம் மட்டும் தெரிந்தால் போதாது. ஊதியம் உண்டா என்று கேட்கவும் தயங்க வேண்டாம். படிப்புச் செலவுக்காக வேலை பார்க்கும் மாணவர்களிடம் ஊதியமில்லாத ஆய்வை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தரும் வேலை எளியதாகத் தோன்றினால் அதை வைத்து ஆய்வகத்தை எடைபோட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 2001இல் பதிவுசெய்து வைத்த தரவுகளைத் திரும்பப் புரட்டிப்பார்க்கும் வேலை, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இளங்கலை மாணவரான டேவிட் நார்கெவிக்குக்குத் தரப்பட்டது. சில மில்லி நொடிகளே நீடித்த, நம் விண்மீன் மண்டலத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒரு ரேடியோ வெடிப்பு அதில் அகப்பட்டது. அவருக்கு வழிகாட்டிய வானியலாளர் டங்கன் லோரிமரின் குழு 2007இல் அதை வெளியிட்டபோது வானியலில் ஒரு புதிய துறையே திறந்தது. இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஆனால் பழைய தரவைப் புரட்டுவது தாழ்ந்த வேலை என்று எண்ணி விலகியிருந்தால் அவர் கண்ணில் அது பட்டிருக்காது.

கோடைத் திட்டங்களுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் நடத்தும் இளங்கலை ஆய்வுத் திட்டம் ஏறத்தாழ பத்து வாரங்கள் நீடிக்கும், உதவித்தொகையும் உண்டு; ஆனால் அதன் இடங்கள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் உரியவை. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் கோடைத் திட்டம் பிற நாட்டவருக்கும் திறந்திருக்கிறது; விரிவுரைகளையும் ஆய்வுக் குழுவில் வேலையையும் ஒன்றாகத் தரும் திட்டம் அது. இவை கிடைக்காவிட்டால் நட்டமில்லை. சொந்த ஆய்வகத்தில் அதே கோடையைக் கழிப்பது, நான் மேலே சொன்ன கனமான கடிதத்துக்கு இன்னும் நல்லதாகவே அமையலாம்.

நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வாரம் பத்து மணி நேரம் என்றால் அதை இரண்டு முழு மதியங்களாக ஒதுக்குங்கள். நாளுக்கு ஒன்றரை மணி நேரமாகச் சிதறடித்தால் கருவியைத் தயார்செய்வதற்குள் நேரம் தீர்ந்துவிடும். தேர்வு வாரங்களில் வர இயலாது என்பதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். ஆய்வகத்தின் ஈர்ப்பில் பாடங்களைக் கைவிட்டு, மின்காந்தவியலில் இரண்டாம் முறையும் சறுக்கினீர்கள் என்றால், எவ்வளவு நல்ல கடிதமும் அதை முழுமையாக ஈடுகட்டாது. இரண்டில் ஒன்று தளரத் தொடங்கினால், ஆய்வக நேரத்தை எட்டு மணியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே பேசினால் ஒத்துக்கொள்ளாத வழிகாட்டிகள் மிகக் குறைவு.

குவாண்டம் பாடத்தைப் பரிந்துரைத்த பேராசிரியரிடம் பதில் சொல்லாமல் நழுவ வேண்டாம். இரண்டு பாடங்களில் உங்களைப் பார்த்தவர் அவர். உங்களுக்கு வேண்டிய மூன்று கடிதங்களில் ஒன்று அவருடையதாகவே இருக்கும். ஏன் இந்தப் பருவம் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று நேரில் சொல்லி, இறுதி ஆண்டில் அவருடைய பாடத்தை எடுக்க விருப்பம் இருப்பதையும் தெரிவியுங்கள். செப்டம்பர் மாதத்திலேயே கடிதத்துக்குக் கேட்டு, உங்கள் மதிப்பெண் பட்டியலையும், ஆய்வைப் பற்றிய இரண்டு பக்கக் குறிப்பையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.